இணையச் சந்தையும் இரு சட்டங்களும்

சென்னையிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், தமிழ்நாட்டின் எல்லையைத் தாண்டியதும் வரும் நகரி, விசைத்தறிகளுக்குப் பெயர் பெற்ற ஊர். தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்கும் இவ்வூரைப் போன்ற நெசவு ஊர்களில், பெருவணிகர் நூலைக் கொடுத்துத் துணியைப் பெற்றுக்கொள்வதும், தறிக்காரர் கூலிக்கு நெய்து கொடுப்பதும் பழகிப்போன ஏற்பாடாகும். அந்த ஏற்பாட்டில், தாம் நெய்த துணி எந்த ஊரில், என்ன விலைக்கு, யாரிடம் விற்றது என்பதைத் தறிக்காரர் அறிவதற்கு வழியே இல்லை. கைப்பேசியும் இணைய விற்பனைத் தளங்களும் பரவியபோது இந்நிலை மாறும் என்ற நம்பிக்கை பிறந்தது. நெய்த சேலையைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவிலோ விற்பனைத் தளத்திலோ இட்டால், இடையில் எவரும் இன்றி வாங்குபவரை அடையலாம் அல்லவா?

அந்த நம்பிக்கை முற்றிலும் பொய்த்துவிட்டது எனக் கூறுவதற்கில்லை. ஆயினும் இணையத்தில் விற்க முன்வரும் சிறு உற்பத்தியாளர் எவரும் விரைவிலேயே இரண்டு கேள்விகளை எதிர்கொள்கிறார். அவர் இட்ட படத்தையும் அவர் அமைத்த கரை வடிவத்தையும் வேறொருவர் எடுத்துத் தம்முடையதென விற்றால் என்ன செய்வது என்பது ஒன்று. தளத்தை நடத்தும் நிறுவனமே அவருடைய பொருளைக் கண்காணா இடத்துக்குத் தள்ளிவிட்டால், அல்லது அவர் மறுக்க முடியாத ஒரு கட்டணத்தை விதித்தால் எங்கே முறையிடுவது என்பது மற்றொன்று. முதற் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியது பதிப்புரிமைச் சட்டம், 1957. இரண்டாவதற்கு விடை சொல்ல வேண்டியது போட்டிச் சட்டம், 2002. அச்சகத்தையும் இசைத்தட்டையும் மனத்திற்கொண்டு இயற்றப்பட்டது முன்னது. பின்னது, கைப்பேசி பேசுவதற்கு மட்டுமே பயன்பட்ட காலத்தில் பிறந்தது. இன்று உலகின் பெரிய இணைய நிறுவனங்கள் நம் நாட்டு நீதிமன்றங்களிலும் தீர்ப்பாயங்களிலும் சந்திக்கும் வழக்குகளில் பெரும்பகுதி இவ்விரு சட்டங்களைச் சுற்றியே நடைபெறுகின்றது.

இவ்விரண்டும் வாதியை நடத்தும் முறையில் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. பதிப்புரிமை தனி ஒருவரின் உடைமை. அதைக் காக்க அவர் தம் சொந்த மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடரலாம். சந்தையோ பொதுவானது. அதில் நேர்ந்த முறைகேட்டை விசாரிக்கும் அதிகாரம் புது டெல்லியில் உள்ள ஓர் ஆணையத்துக்கு மட்டுமே உண்டு. இந்த வேறுபாட்டின் முழுப் பொருளையும் சென்னை நிறுவனம் ஒன்றின் பதினைந்து ஆண்டு அனுபவம் காட்டுகிறது. அதைப் பின்னர் காண்போம்.

சேலையும் படமும்

தறிக்காரர் ஒருவர் புதிய கரை ஒன்றைத் தாமே வரைந்து, ஜக்கார்டில் ஏற்றி நெய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கோலம் தம்முடைய சொத்து என அவர் எண்ணுவது இயல்பே. சட்டம் அவ்வளவு எளிதில் அதற்கு இசைவதில்லை. தாளில் வரைந்த சித்திரம் ஒரு கலைப்படைப்பு. அதற்குப் பதிப்புரிமை உண்டு. ஆனால் பதிப்புரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி, வடிவமைப்புச் சட்டத்தின்கீழ் பதிவு செய்யத்தக்க ஒரு வடிவம், பதிவு செய்யப்படாமலேயே தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் பொருள்களில் ஆக்கப்பட்டுவிட்டால், அதில் உள்ள பதிப்புரிமை அற்றுப்போகும். நான்கைந்து விசைத்தறி வைத்திருப்பவருக்கு ஐம்பது சேலை என்பது சில நாள் வேலை. ஐம்பத்தோராவது சேலை தறியிலிருந்து இறங்கும்போது, அவர் அறியாமலேயே அவருடைய உரிமை கைநழுவிவிடுகிறது.

அப்படியானால் வடிவமைப்புச் சட்டம், 2000இன்கீழ் பதிவு செய்துகொண்டால் என்ன? செய்துகொள்ளலாம், பதிவு 10 ஆண்டுகளுக்குப் பாதுகாப்பு அளிக்கும், மேலும் 5 ஆண்டுகளுக்கு நீட்டிக்கவும் முடியும். ஆனால் அந்தச் சட்டம் புதுமையைக் கோருகிறது. விண்ணப்பத் தேதிக்கு முன்னரே பொதுமக்கள் பார்வைக்கு வந்துவிட்ட வடிவத்தைப் பதிவு செய்ய இயலாது. எந்தக் கைப்பேசிப் படம் அவருக்குச் சந்தையைத் திறந்துவிட்டதோ, அதே படம் பதிவுக்கான கதவை மூடிவிடக்கூடும். துணியை நெய்து, படமெடுத்து, விற்பனை சூடுபிடித்த பின்னர் பதிவைப் பற்றி யோசிப்பதே நம் வழக்கம். சட்டமோ இந்த வரிசையைத் தலைகீழாக்கி, முதலில் பதிவு, பிறகே படம் என்கிறது. நெசவு மிகுந்த பகுதிகளில் பணியாற்றும் தொழில்துறை அலுவலர்கள் இந்த ஒரு செய்தியைத் தறிக்காரர்களிடம் கொண்டு சேர்த்தாலே பெரும் உதவியாக இருக்கும்.

எஞ்சுவது புகைப்படம். சேலையின் வடிவத்தில் உரிமை இழந்தவருக்கும், அதைத் தாம் எடுத்த படத்தில் உரிமை உண்டு. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின்னர், புகைப்படத்தின் பதிப்புரிமை எடுத்தவரின் வாழ்நாளுக்கும் அதற்குப் பிறகு 60 ஆண்டுகளுக்கும் நீடிக்கிறது. ஆகவே, பிறர் அதே கரையை நெய்து விற்பதைத் தடுக்க இயலாவிட்டாலும், இவருடைய படத்தைக் காட்டி விற்பதைத் தடுக்க முடியும். சேலையைவிட அதன் படத்துக்குச் சட்டம் வலிய காவல் தருவது விந்தைதான்.

வைத்திருப்பவர் பொறுப்பா?

படத்தைத் திருடியவர் சூரத்திலோ டெல்லியிலோ இருக்கும் பெயர் தெரியாத ஒரு விற்பனையாளர். அவரைத் தேடிப் பிடிப்பது கடினம். படம் தங்கியிருக்கும் தளம் கண்ணெதிரே உள்ளது. தளத்தைப் பொறுப்பாளியாக்க முடியுமா என்பதே இணையப் பதிப்புரிமை வழக்குகளின் மையக் கேள்வி.

தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் 79ஆம் பிரிவு, பிறர் இடும் உள்ளடக்கத்தை வெறுமனே ஏற்றுத் தாங்கும் ‘இடைநிலையாளர்’ களுக்குச் சில நிபந்தனைகளுடன் விலக்கு அளிக்கிறது. அதே சட்டத்தின் 81ஆம் பிரிவோ, பதிப்புரிமைச் சட்டம் தரும் உரிமைகளை எதுவும் தடுக்காது எனவும் கூறுகிறது. இவ்விரண்டையும் எப்படிப் பொருத்துவது என்பதை மைஸ்பேஸ் வழக்கு தீர்மானித்தது. இசைத்தட்டு நிறுவனமான சூப்பர் கேசட்ஸ், தன் பாடல்கள் அனுமதியின்றி அத்தளத்தில் கிடைக்கின்றன என 2008இல் டெல்லி உயர்நீதிமன்றத்தை அணுகியது. 2011இல் தனி நீதிபதி தளத்துக்கு எதிராகக் கண்டார். 2016 டிசம்பரில் இரு நீதிபதிகள் கொண்ட அமர்வு அதை மாற்றியது. தளத்தில் எங்கோ மீறல் நடக்கக்கூடும் என்ற பொதுவான அறிவு போதாது. இன்ன பாடல், இன்ன இடத்தில் என்று உரிமையாளர் குறிப்பிட்டுச் சொன்ன பின்னரும் நீக்காவிட்டால்தான் பொறுப்பு எழும் என்பது அதன் சாரம்.

நடைமுறையில் இதன் பொருள் என்ன? உரிமையாளர் எழுத்துமூலம் முறையீடு அனுப்ப வேண்டும். 2013ஆம் ஆண்டுப் பதிப்புரிமை விதிகளின்படி, முறையீடு ஏற்கத்தக்கதாயின் தளம் 36 மணி நேரத்துக்குள் அந்த உள்ளடக்கம் கிடைப்பதை நிறுத்த வேண்டும். அவ்வாறு நிறுத்திவைப்பது 21 நாட்களுக்கே. அதற்குள் முறையீட்டாளர் நீதிமன்ற ஆணையைக் கொண்டு வராவிட்டால், தளம் மீண்டும் அதை வெளியிடலாம். பெரிய இசை நிறுவனத்துக்கு 21 நாள் போதும். அதற்கென்றே வழக்கறிஞர்கள் இருப்பார்கள். தறிக்காரருக்கு அது பண்டிகைக் காலத்தின் பாதி. எனினும், ஒரு படத்தின்மேல் போடும் எழுத்துமூல முறையீட்டுக்கு வழக்கறிஞரோ நீதிமன்றக் கட்டணமோ தேவையில்லை என்பதை மறக்கலாகாது. இணையத்தில் சிறியவருக்குக் கிட்டும் மிக விரைவான பரிகாரம் இதுவே.

உரிமையாளர் வலியவராக இருக்கும்போது தராசு மறுபக்கம் சாயக்கூடும் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். வானொலி, தொலைக்காட்சி ஒலிபரப்பாளர்கள் உரிய தொகை செலுத்திப் பாடல்களைச் சட்டப்படியான உரிமத்தில் ஒலிபரப்பலாம் என்ற 31-டி பிரிவு, இணையவழிப் பாடல் சேவைகளுக்குப் பொருந்தாது என 2019இல் விங்க் நிறுவனத்தின் வழக்கில் பம்பாய் உயர்நீதிமன்றம் கூறியது. 2022இல் மேல்முறையீட்டிலும் அது உறுதியாயிற்று. அதாவது, பாடல் வேண்டுமெனில் உரிமையாளர் கேட்கும் விலைக்கே இணைய நிறுவனம் பேரம் பேசியாக வேண்டும்.

பெரியதாக இருப்பது குற்றமன்று

இனிச் சந்தை ஆதிக்கத்துக்கு வருவோம். நம் நாட்டில் 1969இல் இயற்றப்பட்ட ஏகபோக மற்றும் கட்டுப்பாட்டு வணிக நடைமுறைகள் சட்டம், நிறுவனங்கள் பெருத்து வளர்வதையே ஐயத்துடன் நோக்கியது. சொத்து இத்தனை கோடியைத் தாண்டினால் விரிவாக்கத்துக்கு அரசின் ஒப்புதல் வேண்டும் என்பது அதன் போக்கு. 1991ஆம் ஆண்டுப் பொருளாதாரச் சீர்திருத்தங்களுக்குப் பின் அந்த நோக்கு தளர்ந்தது. 2002ஆம் ஆண்டுச் சட்டம் வேறு கொள்கையில் எழுந்தது: பெரியதாக இருப்பது தவறன்று, பெரிய நிலையைப் பயன்படுத்திப் பிறரை நெருக்குவதே தவறு. அச்சட்டத்தின் 4ஆம் பிரிவு ஆதிக்க நிலையைத் தடை செய்யவில்லை, அதன் தவறான பயன்பாட்டையே தடை செய்கிறது. இப்பிரிவின்மேல் இந்தியப் போட்டி ஆணையம் நடவடிக்கை எடுக்கும் நிலை 2009 மே மாதத்தில்தான் வந்தது.

எனவே ஒவ்வொரு வழக்கிலும் மூன்று படிகளைக் கடக்க வேண்டும். சந்தை எது என வரையறுக்க வேண்டும். அதில் நிறுவனம் ஆதிக்க நிலையில் உள்ளது எனக் காட்ட வேண்டும். பிறகு அந்நிலை தவறாகப் பயன்படுத்தப்பட்டது என மெய்ப்பிக்க வேண்டும். தேடுபொறியைப் பொதுமக்கள் இலவசமாகப் பயன்படுத்தும்போது, விலையே இல்லாத ஓரிடத்தில் சந்தையை எப்படி அளப்பது? பழைய பொருளியல் பாடநூல்கள் இதற்கு உதவுவதில்லை. பயனர் தம் விவரங்களையும் கவனத்தையும் விலையாகச் செலுத்துகிறார், விளம்பரதாரர் பணமாகச் செலுத்துகிறார் என்ற இருபக்கச் சந்தைக் கருத்தை ஆணையம் படிப்படியாகவே கைக்கொண்டது.

ஒரு சென்னை நிறுவனத்தின் வழக்குகள்

திருமணப் பொருத்தம் தேடித் தரும் இணையத்தளங்களை நடத்துவது சென்னையைச் சேர்ந்த மேட்ரிமோனி.காம் நிறுவனம். முன்னர் இதன் பெயர் கான்சிம் இன்ஃபோ. பாரத்மேட்ரிமோனி என்ற இதன் பெயரைக் கூகுள் தேடுபொறியில் ஒருவர் தட்டினால், பக்கத்திலேயே போட்டியாளரின் விளம்பரம் தோன்றுகிறது. தன் வணிகப் பெயரையே கூகுள் விளம்பரச் சொல்லாக விற்கிறது என்று அது சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தது. 2010இல் தனி நீதிபதி இடைக்காலத் தடை வழங்க மறுத்தார். ‘தமிழ்’, ‘மேட்ரிமோனி’ போன்ற சொற்கள் பொதுவழக்கில் உள்ள விவரணைச் சொற்கள் என்பது நிறுவனத்துக்குப் பாதகமாக அமைந்தது.

வணிகப் பெயர்ச் சட்டத்தில் தடை கிட்டாத நிலையில், 2012இல் அது போட்டி ஆணையத்தை நாடியது. ஜெய்ப்பூரைச் சேர்ந்த நுகர்வோர் அமைப்பான கட்ஸ் தனியே அளித்த புகாரும் இதனுடன் சேர்த்து விசாரிக்கப்பட்டது. விசாரணைத் தலைமை இயக்குநரின் அறிக்கை 2015இல் வந்தது. ஆணையத்தின் இறுதி ஆணை 2018 பிப்ரவரி 8ஆம் நாள் வெளியாயிற்று. கூகுள் தன் ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தியது எனப் பெரும்பான்மை உறுப்பினர்கள் கண்டு, ரூ. 135.86 கோடி அபராதம் விதித்தனர். உறுப்பினர் இருவர் மாறுபட்டனர்.

இந்த ஆணையை மாணவர்கள் முழுமையாகப் படித்துப் பார்ப்பது நன்று. மேட்ரிமோனி.காம் எந்தக் குறையுடன் சென்றதோ, அந்த விளம்பரச் சொல் விற்பனையில் ஆணையம் தவறு காணவில்லை. விமானப் பயணத் தேடலில் தன் சொந்தச் சேவைப் பெட்டியைத் துருத்தி நிற்கும்படி காட்டியது, சில தேடல் முடிவுகளை முன்னரே குறித்த இடங்களில் பொருத்தியது, தன் தேடல் வசதியைப் பயன்படுத்தும் பிற தளங்களின்மேல் கட்டுப்பாடு விதித்தது ஆகியவையே தவறுகளாகக் கொள்ளப்பட்டன. ஆறாண்டு நடந்து, வென்றும் தன் குறை தீராமல் திரும்பியது புகார் கொடுத்த நிறுவனம். அபராதத் தொகையும் புகார்தாரருக்குச் சேர்வதில்லை. சட்டப்படி அது இந்தியத் தொகுப்பு நிதியில் வரவு வைக்கப்படுகிறது. தனக்கு நேர்ந்த இழப்புக்கு ஈடு வேண்டுமெனில், மீறல் நிறுவப்பட்ட பின்னர் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் தனியே விண்ணப்பிக்க வேண்டும்.

அடுத்த சுற்று, கைப்பேசிச் செயலிகளைப் பற்றியது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் செயலிகள் பெரும்பாலும் கூகுளின் பிளே ஸ்டோர் வழியே பயனரை அடைகின்றன. செயலிக்குள் சந்தா செலுத்துவோர் கூகுளின் சொந்தக் கட்டண முறையிலேயே செலுத்த வேண்டும், அதில் நூற்றுக்கு 15 முதல் 30 வரை கூகுள் எடுத்துக்கொள்ளும் என்பது விதியாக இருந்தது. 2022 அக்டோபரில் ஆணையம் ஒரு வாரத்துக்குள் இரண்டு ஆணைகளைப் பிறப்பித்தது. ஆண்ட்ராய்டு உடன்படிக்கைகள் தொடர்பாக ரூ. 1,337.76 கோடியும், பிளே ஸ்டோர் கட்டண முறை தொடர்பாக ரூ. 936.44 கோடியும் அபராதம் விதிக்கப்பட்டன. வேறு கட்டண முறைகளையும் அனுமதிக்குமாறு பிந்தைய ஆணை பணித்தது. கூகுள் அனுமதித்தது, ஆனால் வேறு முறையில் பணம் பெற்றாலும் 11 அல்லது 26 விழுக்காட்டைத் தனக்குச் செலுத்த வேண்டும் என்றது. குறைந்தது 4 விழுக்காடு மட்டுமே. மாற்று முறைக்கு ஆகும் செலவு ஏறத்தாழ அதை விழுங்கிவிடும் என்பது செயலி நிறுவனங்களின் முறையீடு.

இம்முறை மேட்ரிமோனி.காமும் வேறு பல இந்திய நிறுவனங்களும் சென்னை உயர்நீதிமன்றத்தைத் தேர்ந்தெடுத்தன. கூகுளுக்கும் தங்களுக்கும் உள்ள ஒப்பந்தம் நியாயமற்றது, நூல் பிரதியைப் போலத் திணிக்கப்பட்ட அதன் நிபந்தனைகள் செல்லாதவை என அறிவிக்குமாறு அவை கோரின. 2023 ஆகஸ்டில் தனி நீதிபதி அவ்வழக்குகளை நிராகரித்தார். போட்டிச் சட்டத்தின் 61ஆம் பிரிவு, ஆணையத்தின் வரம்புக்குள் வரும் பொருளில் உரிமையியல் நீதிமன்றங்கள் தலையிடுவதைத் தடுக்கிறது. ஒப்பந்த வழக்கின் உடை அணிந்து வந்தாலும் உள்ளே இருப்பது சந்தை ஆதிக்கப் பிணக்கே என்பது முடிவு. 2024 ஜனவரி 19ஆம் நாள் இரு நீதிபதிகள் அமர்வும் இதையே உறுதி செய்தது. அடுத்த மாதம் உச்சநீதிமன்றம் இடைக்காலப் பாதுகாப்பு அளிக்க இணங்கவில்லை.

விளைவு உடனே தெரிந்தது. 2024 மார்ச் 1ஆம் நாள், கட்டணம் செலுத்தாத பத்து நிறுவனங்களின் செயலிகளைக் கூகுள் தன் கடையிலிருந்து நீக்கத் தொடங்கியது. பாரத்மேட்ரிமோனியும் அவற்றுள் ஒன்று. பல ஆண்டுகளாக நடந்த வழக்குகளில் ஒரு பக்கம் வாதங்களும் தீர்ப்புகளும் குவிந்திருக்க, மறுபக்கம் சில மணி நேரத்தில் ஒரு நிறுவனம் தன் வாடிக்கையாளரின் கைப்பேசியிலிருந்து மறைந்தது. நடுவண் அரசின் அமைச்சர் தலையிட்டுப் பேசிய பின்னர், சில நாட்களில் செயலிகள் திரும்பி வந்தன. நீதிமன்றம் செய்ய இயலாததை ஒரு கூட்டம் செய்து முடித்தது என மகிழலாம். ஆனால் அமைச்சரின் கவனத்தைப் பெற முடியாத ஆயிரக்கணக்கான சிறு செயலிகளும் விற்பனையாளர்களும் உள்ளனர் என்பதை நோக்க, இதனை ஒரு பரிகார முறை எனக் கொள்ள இயலாது.

மேல்முறையீட்டில் 2022ஆம் ஆண்டு ஆணைகள் பெற்ற வடிவமும் குறிப்பிடத்தக்கது. ஆண்ட்ராய்டு வழக்கில் தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2023 மார்ச்சில் அபராதத்தை முழுமையாக உறுதி செய்து, ஆணையம் இட்ட பத்துக் கட்டளைகளுள் நான்கை நீக்கியது. பிளே ஸ்டோர் வழக்கில் 2025 மார்ச்சில் ரூ. 936.44 கோடி, ரூ. 216.69 கோடியாகக் குறைந்தது. மீறல் நிகழ்ந்த தொழிலின் வருவாயை மட்டும் அடிப்படையாகக் கொள்ள வேண்டும் என்ற கொள்கையே இதற்குக் காரணம். 2023ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் இனி வரும் வழக்குகளில் உலகளாவிய வருவாயைக் கணக்கிட இடமளிக்கிறது. அத்திருத்தம் சமரசத் தீர்வுக்கும் வழி வகுத்தது. ஆண்ட்ராய்டு தொலைக்காட்சி தொடர்பான விசாரணையைக் கூகுள் ரூ. 20.24 கோடி செலுத்தி 2025 ஏப்ரலில் முடித்துக்கொண்டது.

நகரித் தறிக்காரருக்கு மிக நெருக்கமானது வாட்ஸ்அப் வழக்கு. பயனர் விவரங்களைத் தாய் நிறுவனமான மெட்டாவின் பிற சேவைகளுடன் பகிர்வதை ஏற்றாக வேண்டும் என்ற 2021ஆம் ஆண்டுக் கொள்கைக்காக, 2024 நவம்பரில் ரூ. 213.14 கோடி அபராதமும், விளம்பரத்துக்காக விவரங்களைப் பகிர ஐந்தாண்டுத் தடையும் விதிக்கப்பட்டன. ஓராண்டுக்குப் பின் தீர்ப்பாயம் அபராதத்தை நிலைநிறுத்தி, ஐந்தாண்டுத் தடையை நீக்கியது. விற்பனைத் தளங்களான அமேசானும் ஃபிளிப்கார்ட்டும் தமக்கு வேண்டிய சில விற்பனையாளர்களை முன்னிறுத்துகின்றன என்ற புகாரின்மேல் 2020 ஜனவரியில் ஆணையிடப்பட்ட விசாரணையோ, கர்நாடக உயர்நீதிமன்றத்தின் தடையால் ஓராண்டுக்கும் மேல் நின்றே போயிற்று.

இரு சட்டங்களும் சந்திக்கும் இடம்

இதுவரை இரண்டையும் தனித்தனியே பார்த்தோம். செய்தித் துறையில் இவை ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. பத்திரிகை ஒன்று செலவு செய்து திரட்டும் செய்தியின் தலைப்பையும் ஓரிரு வரிகளையும் தேடுபொறி காட்டுகிறது. பதிப்புரிமை அடிப்படையில் பத்திரிகை அதை மறுக்கலாம். மறுத்தால் தேடலில் அது தோன்றாது. தோன்றாவிட்டால் வாசகர் வரமாட்டார். உரிமை ஏட்டில் இருக்கிறது, அதைப் பயன்படுத்தும் துணிவைச் சந்தை பறித்துவிடுகிறது. இதனால்தான் நம் நாட்டு இணையச் செய்தி வெளியீட்டாளர் சங்கம் பதிப்புரிமை வழக்குத் தொடராமல், போட்டி ஆணையத்திடம் சென்றது. 2022 ஜனவரியில் ஆணையம் விசாரணைக்கு உத்தரவிட்டது.

பிற நாடுகள் வெவ்வேறு வழிகளை முயன்றுள்ளன. ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் செய்தி வெளியீட்டாளர்களுக்கெனத் தனி உரிமை ஒன்றை உருவாக்கியது. அந்த உரிமைக்கு உரிய பேச்சுவார்த்தையை நேர்மையாக நடத்தவில்லை எனப் பிரான்சின் போட்டி அமைப்பு 2021இல் கூகுளுக்கு 50 கோடி யூரோ அபராதம் விதித்தது. பதிப்புரிமையைக் காக்கப் போட்டிச் சட்டம் துணைக்கு வந்த நல்ல எடுத்துக்காட்டு இது. ஆஸ்திரேலியா 2021இல் பேரம் பேசும் கட்டாயத்தைச் சட்டமாக்கியது. கனடா 2023இல் அவ்வாறே செய்தபோது, மெட்டா பணம் கொடுப்பதற்கு மாறாக அந்நாட்டில் தன் தளங்களில் செய்தியையே நிறுத்திவிட்டது. அமெரிக்காவில் 2024 ஆகஸ்டில் கூட்டாட்சி நீதிமன்றம் கூகுளைத் தேடல் சந்தையின் ஏகபோகி என்றே தீர்மானித்தது. எனினும் 2025 செப்டம்பரில் அதன் உலாவியைப் பிரித்து விற்க வேண்டும் என்ற அரசின் கோரிக்கையை ஏற்கவில்லை.

செயற்கை நுண்ணறிவு இந்தச் சிக்கலை மேலும் கூர்மையாக்கியுள்ளது. தேடுபொறியாவது வாசகரைப் பத்திரிகையின் வாசலுக்கு அனுப்பிவைக்கும். உரையாடும் கருவியோ செய்தியைத் தானே உண்டு செரித்து விடை சொல்கிறது. செய்தி நிறுவனமான ஏ.என்.ஐ., தன் செய்திகளை அனுமதியின்றிப் பயிற்சிக்குப் பயன்படுத்தியதாக ஓபன் ஏஐ நிறுவனத்தின்மேல் 2024 நவம்பரில் டெல்லி உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தது. அமெரிக்கச் சட்டத்தில் உள்ள பரந்த ‘நியாயப் பயன்பாடு’ நம் சட்டத்தில் இல்லை. நம்முடைய 52ஆம் பிரிவு சொந்த ஆய்வு, விமர்சனம், நடப்புச் செய்தி எனக் காரணங்களை எண்ணிச் சொல்லி, அவற்றுக்குள் மட்டுமே ‘நியாயமான கையாளல்’ என்ற விலக்கைத் தருகிறது. இயந்திரத்துக்குக் கற்பிப்பது அந்தப் பட்டியலில் எங்கே பொருந்தும் என்பதே வழக்கின் கரு.

விரைவு என்னும் சிக்கல்

மேலே கண்ட வழக்குகளை ஒருசேர நோக்கினால், அபராதத் தொகையைக் காட்டிலும் காலமே பெரிய கேள்வியாக நிற்கிறது. தவறு நடந்த பின்னரே போட்டிச் சட்டம் விழிக்கிறது. சந்தை வரையறை, விசாரணை, ஆணை, மேல்முறையீடு, உச்சநீதிமன்றம் என அது நடந்து முடிவதற்குள் சந்தை வேறோரிடத்துக்குப் போய்விடுகிறது. இதனை உணர்ந்தே, நடுவண் நிறுவன விவகார அமைச்சகம் அமைத்த குழு 2024 மார்ச்சில் டிஜிட்டல் போட்டி மசோதாவின் வரைவை வெளியிட்டது. இந்தியாவில் ரூ. 4,000 கோடி விற்றுமுதல், ஒரு கோடிப் பயனர் போன்ற அளவுகோல்களால் மிகப்பெரிய நிறுவனங்களை முன்கூட்டியே அடையாளம் கண்டு, தன் பொருளை முன்னிறுத்துதல், பிறர் விவரங்களைத் தனக்குப் பயன்படுத்துதல் முதலியவற்றைத் தொடக்கத்திலேயே விலக்குவது அதன் நோக்கம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2022ஆம் ஆண்டு டிஜிட்டல் சந்தைகள் சட்டத்தின் சாயல் இதில் தெளிவாகத் தெரிகிறது. வளரும் இந்திய நிறுவனங்களும் இந்த வலையில் சிக்கும் என்ற எதிர்ப்பு வலுவாகவே எழுந்தது. அளவுகோலை உயர்த்துவதால் தீரக்கூடிய எதிர்ப்பு அது. மசோதாவின் அடிப்படையையே கைவிடுவதற்கு அது போதிய காரணமாகாது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

சட்டம் மாறும்வரை இருப்பதைக் கொண்டுதான் செயல்பட வேண்டும். போட்டி ஆணையத்தின் தென்மண்டல அலுவலகம் 2021 பிப்ரவரி முதல் சென்னையில் இயங்கிவருகிறது. நகரியிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். ஆணையத்துக்குத் தகவல் அளிக்க இப்போது மூன்றாண்டுக் கால வரம்பு உண்டு என்பதால், தளத்தின் நிபந்தனை மாறிய நாள், கட்டணம் உயர்ந்த நாள், பொருள் பட்டியலிலிருந்து மறைந்த நாள் ஆகியவற்றை விற்பனையாளர் சங்கங்கள் தேதியுடன் குறித்துவைப்பது நல்லது. படத் திருட்டாயின், முதலில் எடுத்த மூலக் கோப்பை அழிக்காமல் வைத்திருப்பதும், திருட்டுப் பக்கத்தை நாளும் நேரமும் தெரியப் பதிவு செய்துகொள்வதும் இன்றியமையாதவை. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் முன்வைக்கும்போது அதற்குரிய சான்றிதழையும் இணைக்க வேண்டும்.